மின்சார நிலையமும் நிலத்தடிப் பொருளும்
(சங்க அங்கத்தினர்களின் படிப்பு வட்டத்திற்கான பாடம்)

ஒரு கிராமத்தின் ஆஸ்தி என்ன என்று கணக்கெடுக்கப் புகுவோர் நஞ்சை, புஞ்சை, தோப்பு, ஏரி, கால்நடை, வீடு ஆகியவற்றை எழுதி அத்துடன் நிறுத்திவிடுவது வழக்கம். நிலத்தின் கீழே கிடக்கும் சரளை, கல், மணல், களிமண், சுண்ணாம்புக்கல் முதலியவற்றை எழுதுவோர் மிகச் சிலரே. அவை கண்ணுக்குத் தெரியாமலிருப்பதும், தேவைப்படும்போது ஒரு வண்டி இரண்டு வண்டியாக எடுத்துக்கொள்ளப்படுவதும் இதற்குக் காரணங்களாகும். எனினும் மின்சார உற்பத்தி நிலையம் ஒன்று கிராமத்திற்கு வரப்போகிறதென்ற யோசனை எழும்போது, இந்த எழுதப்படாத ஆஸ்திக்கு என்ன நேரிடும் என்பதை முன்னதாகவே ஆராய்வது அவசியமாகிறது. நிலையம் எழும்பிய பிறகு செய்யும் ஆராய்ச்சியால் பிரயோஜனம் சொற்பமே.

மின்சாரம் வேண்டாமென்று சொல்வது இப்பாடத்தின் நோக்கமன்று. பம்புசெட்டும் விளக்கும் மாவு மில்லும் மின்சாரத்தால் நடப்பவை. கடன் கொடுக்குமுன் ஈட்டை மதிப்பிடுவது சங்கத்தின் விதி. அவ்விதமே நிலத்தைக் கொடுக்குமுன் அதன் அடியிலுள்ளதையும் மதிப்பிட வேண்டும் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

1. நஷ்டம் எத்தனை வகை?

மின்சார நிலையத்தால் கனிப்பொருளுக்கு ஏற்படக்கூடிய நஷ்டம் மூன்று வகைப்படும்.

முதலாவது, மூடப்படுதல். பொருள் அழிவதில்லை, ஆனால் அதன்மேல் கட்டடமோ, நீர்த்தேக்கமோ, சூரியத் தகடுகளின் வரிசையோ அமைந்துவிடுவதால் அதை எடுக்க இயலாமற் போகிறது.

இரண்டாவது, செலவாதல். அனல் மின்நிலையம் கரியை எரிக்கிறது. எந்த நிலையத்தையும் கட்டுவதற்கு ஜல்லி, மணல், சிமெண்டு வேண்டும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும்.

மூன்றாவது, அண்டையில் தடை உண்டாதல். மின்கம்பிக் கோபுரத்தின் அடியைத் தோண்ட முடியாது. காற்றாலையின் அருகே வெடிவைத்துக் கல் உடைக்கவும் இயலாது. காற்றாலை பிடிக்கும் நிலம் சிறிதே. ஆனால் அதற்காக விடவேண்டிய இடைவெளியில் ஒரு கல்குவாரியே நின்றுபோகக்கூடும். ஆகையால் நிலையத்தின் எல்லைக் கல்லோடு கணக்கை நிறுத்திவிடலாகாது.

இம்மூன்றையும் தனித்தனியே எழுதவேண்டும். முதல் வகை நஷ்டம் சில சமயங்களில் தற்காலிகமானது. இரண்டாம் வகை திரும்பி வராதது. மூன்றாம் வகை, நிலையத்தின் இடத்தைச் சற்று மாற்றினாலே பல சமயங்களில் நீங்கிவிடும்.

2. அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிவது எங்ஙனம்?

இதற்கு நெய்வேலியின் வரலாறு தக்க உதாரணமாகும். பழைய தென்னாற்காடு ஜில்லாவில், இப்போதைய கடலூர் ஜில்லாவில், 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலச்சுவான்தாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, நீருடன் கறுத்த பொருள் ஒன்றும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரியவந்தது. 1940-களில் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவினர் அப்பிரதேசத்தில் பல இடங்களில் துளைபோட்டுக் கரிப்படிவத்தின் பரப்பையும் கனத்தையும் அறியலாயினர். 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பழுப்பு நிலக்கரிக் கார்ப்பரேஷன் ஸ்தாபிக்கப்பட்டது.

இதிலிருந்து அங்கத்தினர்கள் அறியவேண்டுவது இரண்டு. முதலாவது, கிணறு தோண்டுவோரும் போர் போடுவோரும் நிலத்தடிப் பொருளுக்கு முதல் சாட்சிகள். எத்தனை அடியில் செம்மண் நின்றது, எத்தனை அடியில் சரளை தொடங்கியது, எங்கே பாறை தட்டிற்று என்பவை அவர்களுக்குத் தெரியும். ஒரு கிராமத்தில் இருபது கிணறுகளின் விவரத்தை வரிசையாக எழுதினால் அதுவே ஒரு சிறு பூகர்ப்பப் படமாகும். இரண்டாவது, அந்தச் சாட்சியம் மட்டும் போதாது. நிபுணர் வந்து ஒழுங்கான இடைவெளியில் துளைபோட்டுப் பார்த்த பின்னரே பொருளின் அளவு நிச்சயமாகும்.

1851-இல் ஏற்பட்ட பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் படங்களும், ஜில்லாத் தலைநகரிலுள்ள கனிம இலாகா அலுவலகத்தின் குவாரி விவரங்களும் இதற்கு உதவும். பழைய குவாரிப் பள்ளங்கள், ஏரிக்கரைக்கு மண் எடுத்த இடங்கள், குயவர் களிமண் எடுக்கும் இடம், செங்கற் சூளைகள் ஆகியவற்றையும் கிராமப் படத்தில் குறிக்கவேண்டும்.

3. “இல்லை” என்பதும் “பார்க்கவில்லை” என்பதும்

இவ்வாராய்ச்சியைச் சட்டப்படி ஒழுங்குபடுத்திய இடங்களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யமும் ஒன்று. அங்கே நகரங்கள் பெருகியபோது, அருகிலிருந்த மணற்படிவங்களின் மேலும் சரளைப் படிவங்களின் மேலும் வீடுகள் எழும்பின. மணலும் சரளையும் விலை குறைந்தவை, ஆனால் பாரம் மிகுந்தவை. தொலைவிலிருந்து கொண்டுவந்தால் வண்டிச்சத்தமே பொருளின் விலையை மிஞ்சிவிடும். இதைக் கருதி 1975-ஆம் வருஷத்தில் அங்கே ஒரு சட்டம் செய்யப்பட்டது. அதன்படி ராஜ்யத்தின் பூகர்ப்ப அதிகாரி நிலங்களை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்.

முதல் வகுப்பு: முக்கியமான கனிப்பொருள் இல்லையென்று போதிய ஆதாரத்துடன் தெரிந்த நிலம்.
இரண்டாம் வகுப்பு: முக்கியமான பொருள் உண்டென்று, அல்லது இருப்பதற்கு மிகுந்த ஏதுவுண்டென்று தெரிந்த நிலம்.
மூன்றாம் வகுப்பு: பொருள் உண்டு, ஆனால் அதன் முக்கியத்துவத்தை மதிப்பிடக் கிடைத்த விவரங்கள் போதவில்லை.
நான்காம் வகுப்பு: எந்த வகுப்பிலும் சேர்க்கப் போதிய விவரமே இல்லாத நிலம்.

அங்கே சூரிய ஒளி நிலையமோ வேறெந்த நிலையமோ கட்டப்படுமுன் தயாரிக்கப்படும் ஆராய்ச்சி அறிக்கையில் பொதுவாக இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதப்படுகிறது. அப்பிரதேசத்திற்கும் ராஜ்யத்தின் ஜனங்களுக்கும் பயன்படக்கூடியதென்று தெரிந்த கனிப்பொருள் இதனால் கிடைக்காமற் போகுமா? உள்ளூர்த் திட்டத்தில் குறிக்கப்பட்ட, அவ்வட்டாரத்திற்கு முக்கியமான ஒரு குவாரி இடம் இதனால் பயன்படாமற் போகுமா? இரண்டாவது கேள்வி கவனிக்கத்தக்கது. தேசத்திற்கு அற்பமாகத் தோன்றும் பொருள் ஒரு வட்டாரத்திற்குப் பெரிதாக இருக்கலாம் என்பதை அது ஒப்புக்கொள்ளுகிறது.

நான்கு வகுப்புகளில் முதலாவதையும் நான்காவதையும் ஒன்றாக எண்ணுவது பெருந்தவறு. “இந்நிலத்தில் கனிப்பொருள் எதுவும் இல்லை” என்று ஓர் அறிக்கை கூறுமானால், “தேடிப் பார்த்து இல்லையா, தேடாததால் இல்லையா?” என்று அங்கத்தினர் கேட்கவேண்டும். எத்தனை துளைகள் போடப்பட்டன, எவ்வளவு ஆழம், எந்த வருஷத்தில், யாரால் என்பவற்றிற்கு விடை இல்லாத அறிக்கை நான்காம் வகுப்பைச் சேர்ந்தது.

4. அளவிடும் முறை

அளவிடுவதற்குப் பெரிய கணிதம் வேண்டுவதில்லை. பரப்பைக் கனத்தால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். பின்வருவது கற்பனைக் கிராமம் ஒன்றைப் பற்றிய கணக்கு.

சூரிய ஒளி நிலையத்திற்காக 100 ஏக்கர் கேட்கப்படுகிறது. அதில் 12 ஏக்கரின் அடியில், ஒரு மீட்டர் மேல்மண்ணுக்குக் கீழே, 3 மீட்டர் கனத்தில் நல்ல சரளை இருப்பதாகக் கிணறுகளாலும் சோதனைக் குழிகளாலும் தெரிகிறது. 12 ஏக்கர் என்பது 48,564 சதுர மீட்டர். அதை மூன்றால் பெருக்க 1,45,692 கன மீட்டர் வருகிறது. முழுவதையும் எடுக்க இயலாது. எல்லையோரத்தில் கரை விடவேண்டும்; பள்ளத்தின் பக்கங்கள் சரியாதபடி சாய்வு விடவேண்டும். இதற்காகக் கால்பங்கைத் தள்ளினால் சுமார் 1,09,000 கன மீட்டர் நிற்கும்.

இந்த எண்ணைக் கிராமத்தின் தேவையோடு ஒப்பிட்டாலன்றி அதன் பொருள் விளங்காது. 3.75 மீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள ரஸ்தாவுக்கு 20 சென்டிமீட்டர் கனத்தில் சரளை பரப்ப 750 கன மீட்டர் செல்லும். ஆகவே அந்த 12 ஏக்கரில் கிடப்பது சுமார் 145 கிலோமீட்டர் ரஸ்தாவுக்குரிய சரளை. அதே தரமுள்ள சரளை பக்கத்துக் கிராமத்திலும் ஏராளமாக இருக்குமானால் நஷ்டம் சிறிது. அடுத்த இடம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் என்றால், இனிப் போடப்படும் ஒவ்வொரு ரஸ்தாவின் செலவிலும் அந்த வண்டிச்சத்தம் ஏறும். நிலத்தின் குத்தகைப் பணம் ஒரு சிலருக்குச் சேரும். வண்டிச்சத்தத்தை ஊரார் அனைவரும் தாங்குவர். இவ்விரண்டையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதிப் பார்த்தல் வேண்டும்.

மேல்மண்ணின் கனமும் கணக்கில் சேரவேண்டும். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க ஏறத்தாழ ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்றவேண்டியிருக்கிறது. அங்கே 1957-ஆம் வருஷம் மே மாதத்தில் சுரங்கவேலை தொடங்கியது. கரி கண்ணுக்குத் தென்பட்டது 1961 ஆகஸ்டில்தான். நாலு வருஷ காலம் மண்ணையே அகற்றினர். ஆழத்தில் கிடக்கும் பொருள் எல்லாம் ஆஸ்தியாகிவிடாது என்பதற்கு இதை நினைவிற் கொள்ளலாம். எடுக்கும் செலவு விலையை மிஞ்சினால் அதை இப்போதைக்கு மதிப்பிற் சேர்க்கக்கூடாது.

5. செலவாகும் பொருளும் உடன் போகும் பொருளும்

அனல் நிலையத்தில் மூடப்படுவதைவிடச் செலவாவதே பெரிது. நெய்வேலிக் கரியைக்கொண்டு ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்ய ஏறத்தாழ ஒரு கிலோவோ அதற்குச் சற்று மேலோ கரி எரிக்கப்படுகிறது. 210 மெகாவாட் சக்தியுள்ள ஒரு யந்திரம் நாள் முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் 50,40,000 யூனிட் உற்பத்தியாகும். எனவே கரி நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்குக் குறையாது. 600 மெகாவாட் சக்தியுள்ள அங்கத்திய முதல் மின்நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020-இல் மூடப்பட்டது. நிலையம் ஓய்ந்தபோது அது எரித்த கரி திரும்பவில்லை. ஆகையால் அனல் நிலையத்தை மதிப்பிடுவோர், படிவத்தில் எடுக்கத்தக்க கரி எவ்வளவு, வருஷத்திற்கு எவ்வளவு எரியும், எத்தனை வருஷம் வரும் என்ற வகுத்தற் கணக்கைச் செய்தே தீரவேண்டும்.

ஒரு பொருளை எடுக்கும்போது மற்றொன்று வீணாவதும் உண்டு. நெய்வேலியில் கரிக்கு மேலே வெண்களிமண்ணும் மணலும் உள்ளன. எல்லாவற்றையும் ஒன்றாகத் தோண்டிக் குவித்துவிட்டால் களிமண் மணலோடு கலந்து எதற்கும் உதவாமற் போகும். அதனாலேயே ஆதித் திட்டத்தில் சுரங்கம், மின்நிலையம், உரச்சாலை ஆகியவற்றோடு வெண்களிமண்ணைக் கழுவிச் சுத்தம் செய்யும் சாலையும் சேர்க்கப்பட்டது.

கரிப்படிவத்தின் அடியிலே அழுத்தத்துடன் நீர் நிற்கிறது. அதை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பொங்கிவிடும். அவ்வாறு இறைக்கப்படும் நீர் மின்நிலையத்துக்கும் பிறவற்றுக்கும் பயன்படுகிறது. எனினும் கரியைப் பற்றிய கேள்வி கிணற்று நீரைப் பற்றிய கேள்வியும் ஆகும் என்பது இதனால் வெளியாகிறது. கரியின் மேலே குடியிருந்தோரும் பயிரிட்டோரும் நிலத்தை விட்டுப் போகவேண்டியிருந்தது என்பதையும் கணக்கில் விடலாகாது.

வரவுப் பக்கமும் உண்டு. அனல் நிலையத்தின் உலர்சாம்பல் சிமெண்டிலும் செங்கல்லிலும் கலக்கப்படுகிறது. அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் மிச்சமாகின்றன. இச்சாம்பலைப் பயன்படுத்துவது பற்றி இந்திய சர்க்கார் 1999-இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டனர். நேர்மையான மதிப்பீட்டில் நஷ்டத்தோடு இந்த மிச்சமும் எழுதப்படவேண்டும்.

6. சூரிய ஒளி நிலையம் பற்றித் தனிக் கவனம்

சூரிய ஒளி நிலையம் எதையும் எரிப்பதில்லை. ஆனால் அது பரந்த நிலத்தைப் பிடிக்கும். ராமநாதபுரம் ஜில்லா கமுதியருகே 2016-இல் முடிக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் அமைந்தது. அதாவது ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய நான்கு ஏக்கர்.

2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெரிய அனல் நிலையங்களுக்கு முன்னனுமதியும் ஊராரின் பொது விசாரணையும் வேண்டும். அவ்வறிவிக்கையின் அட்டவணையில் சூரிய ஒளி மின்தகடு நிலையங்கள் சேரவில்லை. ஆகவே இந்நிலையங்களுக்கு அதன்கீழ் ஊராரை அழைத்துக் கேட்கும் விசாரணை நடப்பதில்லை. ஊரார் தாமே கேட்டாலன்றி நிலத்தடிப் பொருளைப் பற்றி எவரும் கேட்கமாட்டார். சங்கத்தின் படிப்பு வட்டத்திற்கும் கிராம சபைக்கும் இதில் உள்ள கடமை பெரிது.

இந்நிலையத்தால் ஏற்படும் மூடல் பெரும்பாலும் தற்காலிகமானது. குத்தகைக் காலம் முடிந்து தகடுகளும் தூண்களும் அகற்றப்பட்டால் பொருள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் இந்த நன்மை பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. கையெழுத்திடுமுன் பின்வருவனவற்றைப் படித்துப் பார்க்கவேண்டும்:

(அ) காலம் முடிந்ததும் தூண், கான்கிரீட், கம்பி எல்லாவற்றையும் யார் செலவில், எத்தனை மாதத்தில் அகற்றவேண்டும்?
(ஆ) நிலத்தைச் சமன் செய்யும்போது வெளிவரும் சரளையும் கல்லும் யாரைச் சேரும்? பட்டா நிலமானாலும் இவற்றை எடுத்து வெளியே கொண்டுபோகச் சர்க்கார் அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்பதை மறக்கலாகாது. குத்தகைதாரர் அனுமதியின்றி எடுத்தால் நிலத்துக்குடையவரும் விசாரணைக்கு உட்பட நேரிடலாம்.
(இ) மேல்மண்ணைத் தனியே குவித்து மீண்டும் பரப்ப ஏற்பாடு உண்டா?
(ஈ) குயவர், செங்கல் அறுப்போர், கல்லுடைப்போர் இதுவரை சென்று வந்த பாதை திறந்திருக்குமா?

7. தீர்வு நான்கு

ஆராய்ச்சியின் முடிவில் பொருள் முக்கியமானதென்று தெரிந்தால், நிலையத்தை ஏற்பதோ மறுப்பதோ மட்டுமே வழியென்று எண்ணவேண்டியதில்லை. எல்லையை நகர்த்தலாம், மேற்சொன்ன கணக்கில் 100 ஏக்கரில் அந்த 12 ஏக்கரை விலக்கி வேறு 12 ஏக்கரைச் சேர்ப்பது பெரும்பாலும் இயலும். உரிய அனுமதி பெற்றுப் பொருளை முதலில் எடுத்துவிட்டுப் பின்னர் நிலையம் கட்டலாம். இங்கிலாந்தின் திட்ட விதிகளும் மூடப்படும் கனிப்பொருளை முன்னதாக எடுப்பதை ஊக்குவிக்கின்றன. காலவரையறையுள்ள குத்தகையானால், பொருளைப் பிற்காலத்துக்கு விட்டுவைத்து அந்த உரிமையைப் பத்திரத்தில் எழுதலாம். பொருள் வேறிடத்தில் எளிதிற் கிடைக்குமாயின் நஷ்டத்தை அறிந்தே ஒப்புக்கொள்ளலாம். எதை ஏற்றாலும் காரணத்தையும் கணக்கையும் தீர்மானப் புஸ்தகத்தில் எழுதிவைக்கவேண்டும். இருபத்தைந்து வருஷங்களுக்குப் பின் குத்தகை முடியும்போது கையெழுத்திட்டவர்களில் பலர் இருக்கமாட்டார்கள். சரளை எங்கே, எவ்வளவு என்பதைப் பின்வருவோருக்கு அந்தப் புஸ்தகமே சொல்லவேண்டும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உங்கள் கிராமத்துக் கிணறுகளில் எத்தனையின் மண்ணடுக்கு விவரம் தெரியும்? தெரிந்தவரை எழுதுக.
2. ரஸ்தாவுக்கும் வீட்டுக்கும் வேண்டிய சரளை, மணல், ஜல்லி இப்போது எங்கிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன?
3. மேற்கண்ட நான்கு வகுப்புகளில் உங்கள் புறம்போக்கு நிலம் எதைச் சேரும்? காரணம் கூறுக.
4. 5 ஏக்கரில் 2 மீட்டர் கனமுள்ள சரளை உண்டு, கால்பங்கு தள்ளவேண்டும். எடுக்கத்தக்கது எத்தனை கன மீட்டர்? (விடை: சுமார் 30,350)
5. நிலத்தடிப் பொருளைக்கொண்டு ஜீவனம் செய்வோர் உங்கள் ஊரில் எத்தனை குடும்பத்தினர்? நிலம் கேட்டு வருவோருடன் பேசும் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டதா?